ஐரிஷ் பெண், மொன்டானா சுரங்க ஊர், ஒரு காதல்: கதைக்குத் தகவல் வேண்டும்

புவனா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு குறுநாவல் வேலையில் இருக்கிறேன். 1880-களில் அயர்லாந்தின் தென்மேற்குக் கரையிலிருந்து தனியாகக் கப்பல் ஏறுகிற பத்தொன்பது வயதுப் பெண். அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்துக்குப் போய்ச் சேருகிறாள். அங்கே ஒருவன் மேல் மனம் வைக்கிறாள். கதை இவ்வளவுதான்.

இந்த வகைக் காதல் நாவல்கள் ஆங்கிலத்தில் ஏராளம். நிறையப் படித்திருக்கிறேன், பிடித்தும் இருக்கிறது. ஆனால் பத்துப் புத்தகம் தாண்டியதும் ஒரே பெண்ணையே திரும்பத் திரும்பப் பார்ப்பது போல ஆகிவிட்டது. சிவப்புக் கூந்தல், முன்கோபம், கூண்டு வண்டி, பனிப்புயல், ஒதுங்க ஒரு மரவீடு, அதற்குள் வாய் திறக்காத ஒரு பண்ணைக்காரன். அவள் ஏன் ஊரை விட்டு வந்தாள் என்பது முதல் அத்தியாயத்திலேயே "பஞ்சம்" என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோகிறது. பெரும் பஞ்சம் 1845-இல் தொடங்கியது. என் நாயகி பிறக்கும்போது அது முடிந்து பல வருடம் ஆகிவிட்டது. அப்புறமும் ஏன் பெண்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள்?

எனக்கு அவளைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த வழியாகப் போயிருப்பாள், யாருடைய பணத்தில் போயிருப்பாள், ஒருவனைப் பார்த்துப் பேச அவளுக்கு எங்கே இடம் கிடைத்திருக்கும், கல்யாணத்துக்கு யார் சம்மதம் கேட்டிருப்பாள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய வரைபடம் எழுதியது:

முதலில் கூண்டு வண்டியை எடுத்துவிடுங்கள் புவனா. 1880-களுக்கு அது ஒட்டாது. கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதை 1869 மே 10 அன்று யூட்டாவின் புரோமொன்டரியில் முடிந்துவிட்டது. அதில் கிழக்கிலிருந்து பாதை போட்டு வந்த யூனியன் பசிபிக் கம்பெனியின் ஆட்களில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். மேற்கிலிருந்து மலையைக் குடைந்து வந்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள். மொன்டானாவின் பியூட் ஊருக்கு 1881 டிசம்பரில் ஆக்டனிலிருந்து குறுகிய பாதை ரயில் வந்துவிட்டது. 1883-இல் நார்தர்ன் பசிபிக் பாதையும் மொன்டானா வழியாக முழுமையாகி விட்டது. உங்கள் பெண் அயர்லாந்தின் குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில் நீராவிக் கப்பல் ஏறி, நியூயார்க்கில் இறங்கி, மிச்ச தூரம் முழுக்க ரயிலில்தான் போயிருப்பாள். மரப்பலகை இருக்கை, தானே கட்டிக்கொண்டு வந்த ரொட்டி, ஜன்னலில் நாள்கணக்கில் ஒரே புல்வெளி. வண்டிப் பயணத்தைவிட எனக்கு இது பரிதாபமாகவே தெரிகிறது. வண்டிக் கூட்டத்தில் நாலு பேராவது துணைக்கு இருப்பார்கள். இவளோ முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து போகிறாள்.

வண்டிதான் வேண்டும் என்றால் கதையை 1844-க்குத் தள்ளுங்கள். அந்த வருடம் சியெரா நெவாடா மலையை வண்டிகளோடு முதன்முதலில் கடந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் மர்ஃபி என்ற ஐரிஷ் குடும்பத்தாரும் அவர்களைச் சேர்ந்தவர்களும்தான். வெக்ஸ்ஃபோர்டிலிருந்து கனடா, அங்கிருந்து மிசூரி, அப்புறம் கலிபோர்னியா. வழியில் ஒருவர்கூடச் சாகவில்லை, இரண்டு குழந்தைகள் பிறந்தன. அந்தக் குடும்பத்துப் பெண் ஹெலன் மர்ஃபி பிறகு ஸ்டாக்டன் நகரத்தை நிறுவிய சார்ல்ஸ் வெபர் என்ற ஜெர்மானியரை மணந்தார். எல்லைப்புறக் காதலுக்கு ஆதாரமுள்ள கதை வேண்டும் என்றால் இதுவே போதும்.

1890-க்கு முன்னால் என்றால் நியூயார்க்கில் அவள் இறங்குகிற இடம், குடியேற வருகிறவர்களைப் பதிவு செய்கிற காசில் கார்டன் என்பதை மறக்காதீர்கள். அதே வேலைக்கான எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது 1892 ஜனவரி 1-இல்தான்.

---

மரிய செல்வி எழுதியது:

"பஞ்சம் முடிந்தபிறகும் ஏன் போனார்கள்" என்ற கேள்விதான் கதையின் உயிர்நாடி புவனா. அதற்குப் பதில் ஊர்க் கல்யாணத்தில் இருக்கிறது.

பஞ்சத்துக்கு முன்னால் அயர்லாந்தின் ஏழைக் குடும்பங்களில் நிலத்தைப் பிள்ளைகளுக்குத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். ஒரு குடிசை, ஒரு உருளைக்கிழங்குப் பாத்தி இருந்தால் இளவயதிலேயே கல்யாணம். பஞ்சம் அதைத் தலைகீழாக மாற்றிவிட்டது. இனி நிலத்தைப் பிரிக்கக் கூடாது, ஒரே மகனுக்கு. அவனும் அப்பா விட்டுக்கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். முப்பது முப்பத்தைந்து வயதிலும் அவன் அந்த வீட்டில் "பையன்"தான். அவனுக்கு வருகிற மனைவி கையில் வரதட்சணை கொண்டுவர வேண்டும். பல வீடுகளில் அந்தப் பணத்தை வைத்துத்தான் மாப்பிள்ளையின் தங்கைக்குக் கொடுப்பார்கள் அல்லது தம்பியைக் கப்பல் ஏற்றுவார்கள். ஒரு வீட்டில் ஒரு மகளுக்கு வரதட்சணை சேர்ப்பதே பெரும் பாடு. மற்ற மகள்கள்? அண்ணன் வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரி, கன்னியாஸ்திரி மடம், அல்லது அமெரிக்கா.

கல்யாணத்தைத் தரகர் பேசி முடிப்பார். மாடு எத்தனை, கடன் எவ்வளவு என்று இரண்டு அப்பாக்களும் கணக்குப் பார்ப்பார்கள். சில இடங்களில் மணமக்கள் ஒருவரையொருவர் சரியாகப் பார்ப்பதே கோயிலில்தான். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் அதற்கு முந்தின வாரங்களில் அவசர அவசரமாக முடிப்பார்கள். அந்தப் பருவம் தாண்டினால் இன்னொரு வருடம் போச்சு.

இப்போது இவளுடைய அக்கா பாஸ்டனில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்து சேர்த்த காசில் கப்பல் சீட்டு வாங்கி அனுப்புகிறாள் என்று வையுங்கள். அப்படித்தான் நடந்தது. ஒரு மகள் போவாள், அடுத்தவளை இழுத்துக்கொள்வாள், அவள் அதற்கடுத்தவளை. இத்தாலியிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ அன்று ஆண்கள்தான் அதிகம் போனார்கள். அயர்லாந்திலிருந்து போனவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள், அதுவும் கல்யாணமாகாத இளம்பெண்கள். அப்பாவோ கணவனோ துணைக்கு வராமல் இவ்வளவு பெண்கள் கடல் கடந்தது அந்தக் காலத்தில் வேறெங்கும் அரிது.

கிளம்புவதற்கு முந்தின இரவை விட்டுவிடாதீர்கள். இறந்தவருக்கு விழித்திருப்பது போலவே கிளம்புகிற பெண்ணுக்கும் ஊரே கூடி விழித்திருக்கும். ஆட்டம், பாட்டு, விடியும்போது ஒப்பாரி. பெரும்பாலானோர் திரும்பி வர மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பெற்றவள் உயிரோடு இருக்கிற மகளுக்கு ஒப்பாரி வைத்து அனுப்புகிறாள். என்னால் இதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் கண் கலங்காமல் இருக்க முடிவதில்லை.

---

காட்டுமல்லி எழுதியது:

செல்வி அக்கா சொன்னது அருமை. ஆனால் ஒரு கேள்வி. அப்படிப் போன பெண்களில் மேற்குக்குப் போனவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலோர் நியூயார்க், பாஸ்டன், ஃபிலடெல்ஃபியாவிலேயே வீட்டு வேலையிலும் ஆலை வேலையிலும் தங்கிவிட்டார்களே. எல்லிஸ் தீவில் முதலில் பதிவான ஆனி மூர் கதையே இதற்குச் சாட்சி. கார்க்கிலிருந்து இரண்டு தம்பிகளோடு வந்தவர். முதல் ஆள் என்பதால் பத்து டாலர் தங்கக் காசு கொடுத்தார்கள். அவர் மேற்கே போய் டெக்சாஸில் கல்யாணம் செய்து, 1923-இல் விபத்தில் இறந்தார் என்று வெகுகாலம் எல்லாரும் நம்பினார்கள். அந்த டெக்சாஸ் குடும்பத்தினரை விழாக்களுக்கெல்லாம் அழைத்தார்கள். 2006-இல் ஆவணங்களைத் தோண்டியபோது டெக்சாஸ் ஆனி மூர் வேறு ஆள், இல்லினாயில் பிறந்தவர் என்று தெரியவந்தது. நிஜ ஆனி மன்ஹாட்டனை விட்டு எங்கும் போகவில்லை. ஜெர்மானிய வம்சத்து ஜோசப் ஷேயர் என்பவரை 1895-இல் மணந்து, பத்துக்கும் குறையாத பிள்ளைகள் பெற்று, அவர்களில் பாதிக்கு மேல் சின்ன வயதிலேயே பறிகொடுத்து, 1924-இல் இறந்தார்.

ஐரிஷ் பெண் என்றால் மேற்கே போயிருப்பாள், அங்கே அவளுக்கு ஒரு காதல் கிடைத்திருக்கும் என்று எல்லாருக்கும் ஒரு ஆசை இருந்திருக்கிறது. நகரத்து ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவளின் காதல் மட்டும் காதல் இல்லையா?

---

குமரன் (டென்வர்) எழுதியது:

மல்லி சொல்வது சரி, பெரும்பான்மை கிழக்கிலேயே தங்கியது. ஆனால் மேற்கில் சில ஊர்கள் அப்படியே ஐரிஷ் ஊர்கள். நெவாடாவில் வர்ஜினியா சிட்டி, கொலராடோவில் லெட்வில், மொன்டானாவில் பியூட். மூன்றும் சுரங்க ஊர். புவனா தென்மேற்குக் கரை என்று சொன்னதால் பியூட்டை விட்டு வேறெங்கும் பார்க்க வேண்டாம் என்பேன்.

காரணம் இருக்கிறது. கார்க் மாவட்டத்தின் பேரா தீபகற்பத்தில் அலிஹீஸ் என்று ஒரு செம்புச் சுரங்க ஊர். 1880-களில் அந்தச் சுரங்கங்கள் படுத்துவிட்டன. அதே சமயம் மார்கஸ் டேலி என்ற காவன் மாவட்டத்துக்காரர் பியூட்டில் அனகோண்டா சுரங்கத்தில் வெள்ளி தேடப் போய்ச் செம்பு மலையையே கண்டுபிடித்தார். மின்சாரக் கம்பிக்கு உலகமே செம்பு கேட்ட நேரம். டேலி தன் நாட்டுக்காரனுக்கு வேலை கொடுக்கத் தயங்காதவர். அலிஹீஸ் ஆண்கள் அங்கே போனார்கள், பின்னால் தங்கைகளும் முறைப்பெண்களும் போனார்கள். சலிவன் என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்புவார்கள் என்ற அளவுக்கு அந்தப் பெயர் பியூட்டில் பெருகியது. 1900 வாக்கில் ஊரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐரிஷ் வம்சம். டப்ளின் கல்ச், கார்க்டவுன் என்றே பேட்டைகள் உண்டு. தெருவில் ஐரிஷ் மொழி கேட்கும்.

அங்கே உங்கள் பெண்ணுக்கு வேலை தங்கும் விடுதியில்தான். சுரங்கத்தில் பகல் ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட். ஒருவன் எழுந்துபோன கட்டிலில் சூடு ஆறுவதற்குள் அடுத்தவன் வந்து படுப்பான். விடியற்காலையில் நூறு பேருக்குச் சாப்பாட்டு வாளி கட்ட வேண்டும். இந்த வாளி கட்டும் மேசைதான் உங்கள் காதல் தொடங்கும் இடம். யாருக்கு உப்பு குறைவு, யார் வாளி இரண்டு நாளாகத் தொடாமலே திரும்பி வருகிறது, யாருக்கு இருமல் வந்துவிட்டது, எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

---

நெடுவழி எழுதியது:

ராணுவக் கோட்டைகளையும் யோசியுங்கள். எல்லைப்புறப் படையில் ஐரிஷ்காரர்கள் மிக அதிகம். ஒவ்வொரு கம்பெனிக்கும் நாலு சலவைக்காரிகள் வரை வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது, அவர்களுக்குப் படையின் ரேஷனும் குடியிருப்பும் உண்டு. நிறையப் பேர் சிப்பாய்களின் மனைவிகள், நிறையப் பேர் ஐரிஷ் பெண்கள். 1878-இல் சட்டம் போட்டு அந்த முறையை நிறுத்தத் தொடங்கினார்கள்.

அதிகாரிகளின் மனைவிமார் எழுதிவைத்த குறிப்புகளில் ஒரு புலம்பல் ஓயாமல் வரும். கிழக்கிலிருந்து செலவழித்து ஒரு வேலைக்காரப் பெண்ணைக் கூட்டிவந்தால் சில வாரத்துக்குள் யாராவது ஒரு சார்ஜென்ட் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுகிறான் என்று. அழகில்லாத பெண்ணாகப் பார்த்துக் கூட்டிவந்தும் பலனில்லையாம். அந்த அம்மாக்களுக்கு எரிச்சல். ஆனால் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று பாருங்கள். சொந்த ஊரில் வரதட்சணை இல்லாமல் யாரும் ஏறெடுத்துப் பார்க்காதவள். இங்கே இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள், அவள் வேண்டாம் என்று சொல்லலாம். செல்வி அக்கா சொன்ன தரகர் கதைக்குப் பக்கத்தில் இதை வைத்துப் படித்தால் அவள் எதற்காக இவ்வளவு தூரம் வந்தாள் என்பது புரிகிறது.

---

காட்டுமல்லி எழுதியது:

வேண்டாம் என்று சொல்லலாம் என்றால், எல்லாரையுமே வேண்டாம் என்றும் சொல்லலாம் அல்லவா? நெல்லி காஷ்மனை இங்கே யாரும் இன்னும் சொல்லவில்லையே.

கார்க் மாவட்டம் மிடில்டனில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே அம்மாவோடும் தங்கையோடும் அமெரிக்கா வந்தார். தங்கை ஃபேனி சான்ஃபிரான்சிஸ்கோவில் டாம் கன்னிங்ஹாம் என்பவரை மணந்து குடும்பமானாள். நெல்லி நெவாடா, பிரிட்டிஷ் கொலம்பியா, அரிசோனா, கடைசியில் அலாஸ்கா என்று தங்கமும் வெள்ளியும் கிடைத்த இடமெல்லாம் போய் விடுதி நடத்தினார், தானே சுரங்கமும் தோண்டினார். 1874-75 குளிர்காலத்தில் காசியார் மலையில் சுரங்கத் தொழிலாளர்கள் பனியில் அகப்பட்டு, காய்கறி கிடைக்காமல் வரும் ஸ்கர்வி நோயில் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு, காய்கறி மூட்டைகளோடு பனிச்சறுக்கு வண்டி இழுத்துப் போனார். திருப்பிக் கூட்டிவர அனுப்பப்பட்ட சிப்பாய்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு மேலே நடந்தார் என்று சொல்வார்கள்.

அரிசோனாவின் டூம்ஸ்டோனில் இருந்தபோது தங்கை கணவர் இறந்தார், சில வருடத்தில் தங்கையும் காசநோயில் போய்விட்டாள். ஐந்து பிள்ளைகள். அவர்களை நெல்லிதான் வளர்த்தார். மணம் செய்துகொள்ளவே இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு நடுவே, கேட்க ஆள் இல்லாமலா இருந்திருக்கும்? எழுபது வயதைத் தாண்டியும் அலாஸ்காவின் கொயுகுக் பக்கம் தங்கம் தோண்டினார். 1925 ஜனவரியில் விக்டோரியாவில், தான் முன்பு பணம் திரட்டிக்கொடுத்த கன்னியாஸ்திரிகளின் மருத்துவமனையில் இறந்தார்.

புவனா, உங்கள் நாயகியின் பக்கத்தில் இப்படி ஒருத்தியும் கதையில் நடமாட வேண்டும் என்பது என் விருப்பம். கல்யாணம் ஒன்றுதான் மேற்கு கொடுத்த விடுதலை என்று படிப்பவர் நினைத்துவிடக் கூடாது.

---

பழைய வரைபடம் எழுதியது:

மல்லி சொன்னதற்கு ஒரு துணை. 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 21 வயதான கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் தன் பேரில் 160 ஏக்கர் கேட்கலாம். ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். வெளிநாட்டில் பிறந்தவள் என்றால் குடிமகளாகப் போகிறேன் என்று பதிவு செய்தால் போதும். கணவனோடு வாழும் பெண் தன் பேரில் கேட்க முடியாது. ஆக, நிலம் பதிவாகும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிற ஒரு காதலை நீங்கள் எழுதலாம். பக்கத்துப் பக்கத்து நிலத்தில் இருவரும் தனித்தனி வீடு போட்டுக்கொண்டு காத்திருப்பது. ஆனால் உங்கள் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது, இன்னும் இரண்டு வருடம் பொறுக்க வேண்டும்.

ஐரிஷ்காரர்களுக்கென்றே விவசாயக் குடியேற்றங்களும் நடந்தன. 1874-இல் ஜெனரல் ஜான் ஓ'நீல் நெப்ராஸ்காவில் தன் பெயரிலேயே ஓர் ஊரைத் தொடங்கினார். மினசோட்டாவில் பிஷப் ஜான் அயர்லாந்து 1880-இல் அயர்லாந்தின் மேற்குக் கரையான கொனமாராவிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் கொண்டுவந்து கிரேஸ்வில் பக்கம் குடிவைத்தார். அந்தக் குளிர்காலம் மிகக் கொடூரமானது. பாறை நிலத்தில் கிழங்கு போட்டு, கடலில் மீன் பிடித்துப் பழகியவர்களை மரமே இல்லாத புல்வெளியில் கொண்டுவந்து விட்டால் என்ன செய்வார்கள்? பலர் செயின்ட் பால் நகரத்துக்குப் போய்க் கூலி வேலையில் சேர்ந்தார்கள்.

---

பூங்குன்றன் எழுதியது:

160 ஏக்கர் என்று இயல்பாகப் பேசிக்கொண்டு போகிறோம். அது யாருடைய நிலம்? ஓ'நீல் ஊருக்கு வடக்கே, நயோபராரா ஆற்றங்கரையில் போன்கா என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள். 1877-இல் அவர்களை அங்கிருந்து கிளப்பி பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய இந்தியன் டெரிட்டரிக்கு நடக்க வைத்தது அரசு. வழியிலும் போன இடத்திலும் எத்தனையோ பேர் செத்தார்கள். அவர்களுடைய தலைவர் ஸ்டாண்டிங் பேர் தன் மகனின் உடலைச் சொந்த மண்ணில் புதைக்கத் திரும்பி வந்ததால் கைதாகி, 1879-இல் ஒமாஹா நீதிமன்றத்தில் தானும் சட்டத்தின் கண்ணில் மனிதன்தான் என்று வாதாடி வென்றார். ஐரிஷ் பெண்ணோ, வாடகை கட்ட முடியாமல் வீட்டுக் கூரையை இடித்து வெளியே தள்ளப்பட்டவர்களின் பேத்தி. அவளுக்குக் கிடைத்த நிலமும் இப்படித் தள்ளப்பட்டவர்களிடமிருந்து வந்ததுதான்.

1847-இல் சோக்டா என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள், தாங்களே நாடு கடத்தப்பட்டு ஏறக்குறையப் பதினைந்து வருடமே ஆன நிலையில், அயர்லாந்துப் பஞ்சத்துக்கு 170 டாலர் சேர்த்து அனுப்பினார்கள். இது இரண்டையும் தெரிந்துகொண்டு எழுதுகிற கதை வேறு மாதிரி இருக்கும். காதலர்கள் ஏறி நிற்கிற குன்றில் அவர்களுக்கு முன்னால் ஒரு மக்கள் வாழ்ந்தார்கள் என்பது ஒரு பத்தியிலாவது வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

புவனா எழுதியது:

பூங்குன்றன் அண்ணா, கட்டாயம் வரும். என் ஊர் பியூட்தான் என்று முடிவு செய்துவிட்டேன். குமரன் சொன்ன அலிஹீஸ் தொடர்பு மனசில் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு யோசனை. அவன் ஐரிஷ்காரனாக இல்லாமல் இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கக்காரனாக இருந்தால்? அலிஹீஸிலேயே கார்ன்வால் ஆட்கள் மேஸ்திரிகளாக இருந்திருக்கிறார்கள், அவர்களுக்கென்று தனி வீடுகள், தனி ஜெபவீடு. சின்ன வயதில் தூரத்திலிருந்து பார்த்துப் பயந்த கூட்டத்தில் ஒருவனை, உலகத்தின் மறுகோடியில் சாப்பாட்டு மேசையில் அவள் சந்திக்கிறாள்.

---

குமரன் (டென்வர்) எழுதியது:

அருமையான முடிச்சு. பியூட்டில் கார்ன்வால்காரர்களுக்கும் ஐரிஷ்காரர்களுக்கும் ஆகவே ஆகாது. டேலியின் சுரங்கங்களில் ஐரிஷ் கை ஓங்கியிருக்கும், வேறு சில சுரங்கங்களில் கார்ன்வால்காரர்கள். வாக்குர்வில் பக்கம் அவர்கள், டப்ளின் கல்ச்சில் இவர்கள். நடுவில் சென்டர்வில். அங்கே இரண்டு கூட்டமும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ளும். 1894 ஜூலை 4 அன்று கத்தோலிக்க எதிர்ப்புச் சங்கத்தின் பதாகையை இரண்டு மதுக்கடைகளில் மாட்டியதற்காக ஊரே கலவரமானது. இவ்வளவு சண்டைக்கு நடுவிலும் கார்ன்வால்காரர்களின் இறைச்சிப் பணியாரமான பாஸ்டியை ஐரிஷ் வீடுகளும் சுடக் கற்றுக்கொண்டுவிட்டன. இன்றும் பியூட்டின் பேர்போன சாப்பாடு அதுதான். உங்கள் பெண் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் பாஸ்டி செய்யக் கற்றுக்கொண்டு அவன் வாளியில் வைத்தால், அதற்கு மேல் ஒரு காதல் வசனம் தேவையில்லை.

---

மரிய செல்வி எழுதியது:

அவன் மெதடிஸ்ட், அதாவது புராட்டஸ்டன்ட்; அவள் கத்தோலிக்கப் பெண். அப்படியானால் பிஷப்பின் விசேஷ அனுமதி வேண்டும். பிறக்கிற பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பேன் என்று அவன் வாக்குக் கொடுக்க வேண்டும். அப்படியும் பீடத்துக்கு முன்னால் பூசையோடு கல்யாணம் நடக்காது, பாதிரியார் வீட்டு அறையில் சுருக்கமாக முடிப்பார்கள். அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போது இதை எப்படிச் சொல்வாள்? எழுத்துத் தெரியாத அம்மாவுக்கு அந்தக் கடிதத்தைப் பள்ளி ஆசிரியரோ பாதிரியாரோதான் படித்துச் சொல்வார்கள், ஊரே கேட்கும். அதனால் கடிதத்தில் அவள் என்ன எழுதாமல் விடுகிறாள் என்பதையும் யோசியுங்கள்.

காசில் கார்டனில் இறங்கும் காட்சிக்கு ஒன்று. ஷார்லட் கிரேஸ் ஓ'பிரையன் என்ற பெண்மணி கப்பல்களின் அடித்தளத்தில் பெண்கள் படும் பாட்டை எழுதிப் போராடியதன் பலனாக, 1883 வாக்கில் ஃபாதர் ஜான் ரியார்டன் அங்கே ஐரிஷ் பெண்களுக்கென்றே ஒரு காப்பகம் தொடங்கினார். தனியாக வந்த பெண்ணைத் தங்கவைத்து, சொந்தக்காரரைக் கண்டுபிடித்து, சரியான ரயிலில் ஏற்றிவிடுவார்கள். உங்கள் பெண் கால்வைத்த முதல் இரவை அங்கே கழிக்கலாம்.

---

நெடுவழி எழுதியது:

கல்யாணத்தோடு கதை முடிகிறதா புவனா? கேட்கக் காரணம், சுரங்க ஊரில் அதற்குப் பிறகுதான் கதை. மார்கரெட் டோபினை எடுத்துக்கொள்ளுங்கள், டைட்டானிக்கில் பிழைத்த "மோலி" பிரவுன். ஐரிஷ் பெற்றோருக்கு மிசூரியில் பிறந்தவர். அப்பாவைச் சுகமாக வைத்துக்கொள்ளப் பணக்காரனைத்தான் கட்டுவேன் என்று இருந்தவர், லெட்வில்லில் ஜே.ஜே. பிரவுன் என்ற ஏழைச் சுரங்கக்காரர் மேல் மனம் போய், 1886-இல் அவரையே மணந்தார். ஏழு வருடம் கழித்து லிட்டில் ஜானி சுரங்கத்தில் தங்கம் கிடைத்துப் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். ஏழையாக இருந்த காலம்வரை ஒட்டியிருந்தவர்கள் அப்புறம் 1909-இல் பிரிந்துவிட்டார்கள். எனக்கு இந்தக் கல்யாணத்தின் முதல் ஏழு வருடம்தான் பெரிய காதல் கதையாகத் தெரிகிறது.

---

குமரன் (டென்வர்) எழுதியது:

பியூட்டின் மனைவிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. உலர் துளைக் கருவி வந்தபிறகு பாறைத்தூள் நுரையீரலில் படிந்து ஆண்கள் நாற்பதைத் தொடுவதற்குள் இருமி இருமிச் சாவது சகஜம். விதவை வீட்டையே விடுதியாக்கி, ஆட்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிள்ளைகளை வளர்ப்பாள். சாப்பாட்டு மேசையில் தொடங்கிய அவள் வாழ்க்கை சாப்பாட்டு மேசைக்கே திரும்பும்.

1917 ஜூன் 8 இரவு ஸ்பெக்குலேட்டர் சுரங்கத்தில் தீப்பிடித்து 168 பேர் இறந்தார்கள். மானஸ் டகன் என்ற இளைஞர் புகை வராமல் ஒரு தடுப்புக் கட்டி இருபத்தொன்பது பேரை உள்ளே வைத்தார். இருபத்தைந்து பேர் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. இருட்டில் உட்கார்ந்து கர்ப்பிணி மனைவி மேட்ஜுக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்தன. தன்னை நினைத்து வருந்த வேண்டாம் என்றும், தன்னிடம் உள்ளதெல்லாம் அவளுக்கே என்றும் எழுதியிருந்தார். எல்லைப்புறக் காதல் என்றால் என் மனசில் முதலில் வருவது அந்தக் கடிதம். உங்கள் கதை 1880-களில் நடக்கிறது, ஆனால் அந்தப் பெண்ணின் மகன் 1917-இல் ஏறக்குறைய டகனின் வயதில் இருப்பான்.

---

புவனா எழுதியது:

குமரன், கடைசி வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கதையை அங்கே வரைக்கும் கொண்டுபோக வேண்டும் போல் இருக்கிறது. அவளை விதவையாக்க எனக்கு மனம் வரவில்லை, ஆனால் பயமில்லாத மனைவியாகவும் அவளை எழுதிவிட முடியாது. காலையில் வாளியைக் கட்டிக் கொடுப்பதும் சாயங்காலம் சுரங்கச் சங்கு ஊதும்வரை காது கொடுத்திருப்பதும்தான் அவள் காதல் என்று இப்போது தோன்றுகிறது. மல்லிக்காக, விடுதியை நடத்துகிற அம்மாவை நெல்லி மாதிரி கல்யாணம் வேண்டாம் என்று இருக்கிறவளாக வைத்திருக்கிறேன். அவளுக்கும் முழு வாழ்க்கை உண்டு.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். 1888 இலையுதிர் காலத்தில் வந்து சேருகிறாள் என்றால், கல்யாணத்தை எப்போது வைப்பது?

---

மரிய செல்வி எழுதியது:

1889-இல் ஈஸ்டர் ஏப்ரல் 21. அப்படியானால் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் மார்ச் 6. ஊரில் இருந்திருந்தால் மார்ச் 5 செவ்வாய்க்குள் தரகர் அவளை யாருக்காவது முடித்திருப்பார். அதனால் அந்த நாள் அவளைச் சும்மா கடந்து போகட்டும். அன்று அவள் விடுதியில் வழக்கம்போல வேலை செய்யட்டும், யாரும் அவளை எதுவும் கேட்க வேண்டாம். பிஷப் இருக்கிற ஹெலினாவிலிருந்து அனுமதி வரவும் நாளாகும். ஈஸ்டர் முடிந்து மே மாதத்தில் வையுங்கள்.

---

பழைய வரைபடம் எழுதியது:

மே மாதம் சரிதான், ஆனால் பூக்களைப் பற்றி எழுதிவிடாதீர்கள். அந்த வருடங்களில் பியூட்டில் தாதுவைத் திறந்தவெளியில் குவித்து எரிப்பார்கள். கந்தகப் புகையில் ஊருக்குள் மரமும் புல்லும் பட்டுப்போய்க் கிடக்கும், பகலிலேயே விளக்கேற்ற வேண்டிய நாள்கள் உண்டு. பாதிரியார் வீட்டுக்கு அவள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு நடந்து போயிருப்பாள்.

---

புவனா எழுதியது:

மே மாதம், முகத்தில் துணி, பாதிரியார் வீட்டு அறை. எடுத்துக்கொண்டேன். எல்லாருக்கும் நன்றி. முதல் அத்தியாயம் முடிந்ததும் இதே இழையில் போடுகிறேன், விழித்திருக்கும் இரவிலிருந்து தொடங்குகிறது. செல்வி அக்கா, அம்மாவின் ஒப்பாரியை மட்டும் நீங்கள் முதலில் படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.